பீச் பழத்துக்கு ஓர் எழுத்து: சீன எழுத்தொன்றை வேரோடு படிப்பது எப்படி

சீன மொழியோ ஜப்பானிய மொழியோ கற்கத் தொடங்குகிறவருக்கு முதல் நூறு எழுத்துகள் மனப்பாடத்திலேயே ஓடிவிடும். அதற்கு மேல் ஒன்று இன்னொன்றோடு குழம்பும். நேற்று எழுதிய வடிவம் இன்று கைக்கு வராது. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலிப்புகள் என்று புத்தகம் சொல்லும்போது, இதற்கெல்லாம் ஒரு முறை உண்டா என்ற கேள்வி எழும். முறை உண்டு. அதைக் கற்க ஆயிரம் எழுத்து வேண்டாம், ஓர் எழுத்தை அடிமுதல் நுனிவரை பார்த்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

பீச் பழத்தின் எழுத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. சீனப் பெருநிலத்தின் எளிதாக்கப்பட்ட எழுத்திலும், தைவான், ஹாங்காங்கின் மரபெழுத்திலும், ஜப்பானியர் காஞ்சி என்று சொல்லும் சீன எழுத்திலும் அது ஒரே வடிவம். ஒரு முறை கற்றால் எங்கும் செல்லும். பத்தே கோடுகள். அதன் அமைப்பு ஆயிரக்கணக்கான பிற எழுத்துகளின் அமைப்பு. ஒலிப்புகளிலும் விதிக்குள் வருபவை அதிகம், விதிவிலக்குகள் சில. தொடக்கக்காரர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்தைக் கையில் பிடியுங்கள்

போனில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, எம், ஓ, எம், ஓ என்ற ரோமன் எழுத்துகளைத் தட்டுங்கள். மேலே தோன்றும் பட்டியலில் இடப்பக்கம் மரம் என்ற உறுப்பு (木) நிற்கும் 桃 என்ற எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே ஒலியில் தொடை என்ற பொருளுடைய வேறெழுத்தும் அங்கே வரும். ஜப்பானியக் கடைகளில் கோழிக்கறிப் பொட்டலத்தின் மேல் ‘மொமொ’ என்று பார்த்தால் அது தொடைக்கறி, பழம் அல்ல.

சீன விசைப்பலகையில் டி (T), ஏ, ஓ என்று மட்டும் தட்டினால் அதே ஒலியுள்ள எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். ஓடித் தப்பு, மட்பாண்டம், பீச் எல்லாமே அங்கே இருக்கும். கூடவே இசட், ஐ சேர்த்து ‘தாவ்ஸ்’ என்று முழுச்சொல்லாகத் தட்டுங்கள். பேச்சுச் சீனத்தில் பழத்துக்குப் பெயரே இந்த ஈரெழுத்துச் சொல்தான். இரண்டாவது எழுத்து வெறும் விகுதி. ஆனால் இதே இரண்டு எழுத்துகளை ஜப்பானில் எழுதிக் காட்டினால், மொமொகோ என்ற பெண்ணின் பெயராகத்தான் படிப்பார்கள். வடிவம் ஒன்றாயிருந்தாலும் மொழி மாறினால் சொல் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

இப்போது நோட்டில் எழுதுங்கள். இடப்பக்க மரத்துக்கு நான்கு கோடுகள்: ஒரு கிடைக்கோடு, ஒரு நிமிர்கோடு, இடப்பக்கம் சாயும் கோடு, வலப்பக்கம் ஒரு சிறு புள்ளி. மரம் தனியாக நிற்கும்போது இந்தக் கடைசிக் கோடு வலப்பக்கம் நீண்டு இறங்கும். பக்கத்தில் இன்னொரு பகுதி வந்தால் அதற்கு இடம் விட்டுச் சுருங்கும். வலப்பக்கப் பகுதிக்கு ஆறு கோடுகள். நடுவில் இரண்டு நெடுங்கோடுகள்: ஒன்று இடப்பக்கம் வளைந்து இறங்கும், மற்றது இறங்கி வலப்பக்கம் திரும்பிக் கொக்கியாய் மேலே முடியும். இரண்டின் வெளிப்பக்கத்திலும் இரண்டிரண்டு சிறு கோடுகள்.

அச்சு அகராதியில் தேடுவதற்கும் இந்தக் கணக்குத்தான். 1716-இல் முடிந்த காங்ஷி அகராதி எழுத்துகளை 214 தலையுறுப்புகளின், அதாவது மரம்போன்ற அடிப்படை உறுப்புகளின், கீழ் வகுத்தது. மரம் அதில் 75-ஆவது. மரத்தின் கீழே, மீதி ஆறு கோடு என்ற பகுதிக்குப் போனால் நம் எழுத்து கிடைக்கும். இன்றைய அகராதிகள் பலவும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. கேமராவைக் காட்டினால் போன் சொல்லிவிடுகிறதே என்று கேட்கலாம். கோடு எண்ணிப் பழகிய கண், ஒத்த எழுத்துகளைப் பிரித்தறியும். அந்தப் பழக்கத்தைக் கேமரா தராது.

எது பொருள், எது ஒலி

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சீன எழுத்து என்றாலே படம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஒரு காட்சியைத் தேடுகிறார்கள். மலை, மரம், வாய் போன்ற சில அடிப்படை எழுத்துகள் படத்தில் பிறந்தவைதாம். மிகப் பெரும்பாலானவை அப்படி அல்ல. ஒரு பகுதி பொருளின் இனத்தைக் காட்டும், இன்னொரு பகுதி ஒலியைக் காட்டும். அவ்வளவுதான்.

நம் எழுத்துக்கு இதைச் சொல்ல மிகப் பழைய சாட்சி இருக்கிறது. ஹான் அரசமரபுக் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 100-இல், ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை ஆராய்ந்து ‘ஷுவோவென் ஜியேட்ஸி’ என்ற அகராதியைத் தொகுத்தார். அதில் பீச் எழுத்துக்கு உள்ள விளக்கம் மிகச் சுருக்கம்: இது ஒரு பழம், மரத்தைச் சார்ந்தது, ஒலி ‘ஜாவ்’. மரம் இனத்தைச் சொல்கிறது. பேரிக்காய், பிளம், வாதுமை, ஆரஞ்சு, செர்ரி என்று எந்தப் பழமரத்தைத் தேடினாலும் எங்காவது இந்த மரம் ஒட்டியிருக்கும். வலப்பக்கம் இருப்பது ஒலிக்காக வந்தது.

அந்த வலப்பக்கப் பகுதி தனி எழுத்தாகவும் வாழ்கிறது. பொருள்: நிமித்தம், முன்னறிகுறி. ஷாங் அரசர்கள் காலத்தில் ஆமை ஓட்டையும் மாட்டெலும்பையும் சூடாக்கி, அதில் விழும் வெடிப்புகளைப் பார்த்துக் குறி சொன்னார்கள். அந்த வெடிப்புகளின் வடிவமே இந்த எழுத்து என்பது ஷூ ஷென் வழி வந்த விளக்கம். எலும்பெழுத்துகளை நேரடியாக ஆராய்ந்த இக்கால அறிஞர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. நடுவே நீரோட, இருபுறமும் முதுகு காட்டி நிற்கும் இரண்டு மனிதர்களை அவர்கள் அதில் காண்கிறார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் அந்தப் படத்தில் பழம் இல்லை.

ஆகவே ‘பீச் பழம் நடுவே கோடு விழுந்து இரண்டாகப் பிளக்கும், அதனால்தான் பிளவுக்குறி’ என்பதுபோன்ற கதைகளைக் கேட்டால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வரலாறாக நம்பிவிடாதீர்கள். பீச் மரத்துக்குப் பேய் அஞ்சும் என்ற நம்பிக்கை சீனாவில் உண்மையிலேயே உண்டு. புத்தாண்டுக்கு வாசலில் பீச் மரப் பலகை மாட்டும் வழக்கமிருந்தது. இன்று செந்தாளில் எழுதி ஒட்டும் ஈரடி வாழ்த்துகளின் முன்னோடி அது. ஆனால் எழுத்துக்கு இந்த வடிவம் வரக் காரணம் அந்த நம்பிக்கை அல்ல, ஒலிதான்.

நிமித்த எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஓர் எண். ஜப்பானிலும் தைவானிலும் அது லட்சம் கோடி. அரசு பட்ஜெட் செய்திகளில் தினமும் வரும். சீனப் பெருநிலத்திலோ மெகாவாட் போன்ற அளவுகளில் ‘மெகா’வுக்கு, அதாவது பத்து லட்சத்துக்கு, அது நிற்கிறது. கணக்கு சம்பந்தப்பட்ட வேலைக்காக மொழி கற்பவர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒலிக் குடும்பத்தைக் கூட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு பக்கத்தின் நடுவே நிமித்த எழுத்தை எழுதுங்கள். அதைச் சுற்றி, அதே பகுதியை வலப்பக்கமோ உள்ளேயோ கொண்ட எழுத்துகளை எழுதுங்கள். மரம் சேர்ந்தால் பீச்: சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் ‘தாவ்’. நடையைக் குறிக்கும் உறுப்பு சேர்ந்தால் தப்பியோடு: அதுவும் ‘தாவ்’. கை சேர்ந்தால் தோளில் காவடித்தண்டு வைத்துச் சும: ‘தியாவ்’. கால் சேர்ந்தால் குதி: ‘தியாவ்’. கண் சேர்ந்தால் தொலைவை நோக்கு: ‘தியாவ்’. பெண் சேர்ந்தால் ஒரு குடும்பப் பெயர்: ‘யாவ்’. தனியாக நின்றால் ‘ஜாவ்’.

எல்லாம் ‘ஆவ்’ என்று முடிகின்றன. தொடக்கம் மட்டும் த, ய, ஜ என்று சிதறிக் கிடக்கிறது. இது ஏன் என்று கேட்காமல் நகர்ந்துவிடுகிறவர்களே பிறகு குழம்புகிறார்கள்.

எழுத்துகள் உருவான காலத்தில் இந்தச் சொற்களெல்லாம் இன்னும் நெருக்கமாக ஒலித்தன. மொழியியலாளர்கள் வில்லியம் பாக்ஸ்டரும் லோரன் சகாரும் 2014-இல் வெளியிட்ட தொல்சீன மீட்டுருவாக்கத்தில் பீச், நிமித்தம், அந்தக் குடும்பப் பெயர் மூன்றுக்கும் ‘ல’கரமே அடி மெய். பிற்பாடு அது சூழலுக்கேற்பப் பிரிந்தது. ஓரிடத்தில் ‘த’ இனமாயிற்று, ரகரம் ஒட்டிய இடத்தில் நாக்கு மடிந்து ‘ஜ’ போலாயிற்று, இன்னோரிடத்தில் ‘ய’ ஆயிற்று. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதும், நம் ‘பல்’ அங்கே ‘ஹல்லு’ ஆனதும் இதே வகை ஒழுங்கான மாற்றம். இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒலி நகர்ந்துவிட்டது. எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. ஒலிப்பகுதி தெரிந்த ஒரு புது எழுத்தைப் பார்த்தால் அதன் இறுதியொலியை நம்பி ஊகிக்கலாம். தொடக்க மெய்யைப் பாதி நம்பலாம். குரலின் ஏற்ற இறக்கத்தை அகராதி பார்க்காமல் சொல்லக்கூடாது.

மாண்டரினில் வாய் பழக்குவது

தமிழ் பேசுகிறவருக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. ‘தலை’ என்று சொல்லும்போது வரும் ‘த’வில் மூச்சு வெடித்து வெளியேறாது. மாண்டரினில் பீச்சுக்குரிய ‘தாவ்’ மூச்சு வெடித்து வரும் ஒலி. வாய்க்கு முன்னே ஒரு துண்டுத் தாளைப் பிடித்துச் சொல்லுங்கள். தாள் ஆட வேண்டும். ஆடாவிட்டால் கேட்பவர் காதில் வேறொரு சொல் விழும்.

அந்த வேறு சொல்லின் எழுத்துகளில் ஒன்று, பழைய சீன ஞானி லாவோட்சு சொன்ன ‘வழி’. தமிழில் நாம் ‘தாவோ’ என்று எழுதுவது அதைத்தான். பழைய ஆங்கில நூல்கள் அதை டி-யில் (T) தொடங்கி எழுதின. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் இன்றைய பின்யின் முறையில் மூச்சற்ற அந்த ஒலிக்கு ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் (D), மூச்சுள்ள பீச்சுக்கு இருபதாம் எழுத்தும் (T) வரும். பழைய நூலில் பார்த்த எழுத்துக்கூட்டலை வைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘தலை’யின் த-வோடு சொன்னால் வழி, தாள் ஆடச் சொன்னால் பீச் என்று நினைவில் வையுங்கள்.

அடுத்தது தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம். பீச் இரண்டாம் தொனி. ‘ஏன்?’ என்று வியந்து கேட்கும்போது குரல் ஏறுவதுபோல ஏற வேண்டும். ஏன் இரண்டாம் தொனி என்பதற்கும் காரணம் உண்டு. தாங் அரசமரபுக் காலம் வரை இந்தச் சொல் ‘பந்து’ என்பதில் வரும் த-வைப்போல அதிரும் மெய்யோடு தொடங்கிற்று. வடக்கே அந்த அதிர்வு மறைந்தபோது, சமதொனிச் சொற்களில் அதற்கு ஈடாக மூச்சும் ஏறுதொனியும் வந்து சேர்ந்தன. பின்னால் மற்ற மொழிகளைப் பார்க்கும்போது இந்த அதிரும் மெய் திரும்பவும் தலைகாட்டும், மறக்காதீர்கள்.

ஜப்பானில் இரண்டு ஒலிப்பு, அதற்கு மேலும் சில

ஜப்பானியர் சீன எழுத்தை வாங்கியபோது, சீன ஒலிப்பையும் சேர்த்து வாங்கினார்கள்; தங்கள் மொழியில் அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே இருந்த சொல்லையும் அதே எழுத்தின் மேல் ஏற்றினார்கள். முதலாவதை ஒன்யொமி என்றும் இரண்டாவதைக் குன்யொமி என்றும் சொல்வார்கள். பீச்சுக்கு ஒன் ‘தோ’, குன் ‘மொமொ’. குறில் நெடில் வேறுபாடு நம் நாவில் ஊறியது என்பதால் இதில் தமிழர்களுக்குச் சிரமமே இல்லை. ‘தோ’ நெடில், ‘மொமொ’ இரண்டும் குறில். ‘மோமோ’ என்று இழுத்தால் தவறு.

‘தோ’வுக்கும் சீனத் ‘தாவ்’வுக்கும் என்ன உறவு என்று தோன்றும். 1946-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ஜப்பானியர் இந்த ஒலியைக் கானா என்ற தங்கள் அசையெழுத்தில் ‘தவு’ என்றுதான் எழுதினார்கள். வாயில் அது எப்போதோ ‘தோ’ ஆகிவிட்டது. பழைய எழுத்துக்கூட்டலில் உறவு கண்கூடு. குதி, தொலைவை நோக்கு, நிமித்தம் ஆகியவை அந்தப் பழைய முறையில் ‘தெவு’, இன்று ‘ச்சோ’. ஆகவே ஒலிக் குடும்பப் பக்கத்தில் ஜப்பானிய வரிசையையும் சேர்த்தால் இரண்டே அணி: பீச்சும் தப்பியோடுவதும் ‘தோ’ அணி, மற்றவை பெரும்பாலும் ‘ச்சோ’ அணி. மாண்டரினில் ‘தாவ்’ எதுவோ அது முதல் அணி, ‘தியாவ்’ எதுவோ அது இரண்டாம் அணி. இரண்டு மொழிகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

பெரிய அகராதிகளில் ‘தோ’வுக்குப் பக்கத்தில் இன்னோர் ஒன் ஒலிப்பும் இருக்கும்: பந்து என்பதன் அதிரும் த-வோடு இன்னொரு ‘தோ’. அது கோ-ஒன், அதாவது முதலில், தென்சீனாவின் வழியாக வந்த ஒலிப்பு. வழக்கில் நிலைத்தது பிறகு தாங் தலைநகர் சாங்ஆனிலிருந்து வந்த கான்-ஒன். கோ-ஒன்னைப் பழக வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன அதிரும் மெய்க்கு அது சாட்சி.

எப்போது எதைச் சொல்வது? தனியே நின்றால் மொமொ. வேறு சீனச் சொல்லெழுத்தோடு சேர்ந்து ஒரு சொல்லானால் பெரும்பாலும் தோ. வெண்பீச் ‘ஹகுதோ’, ஒகயாமாவின் பெருமை. மஞ்சள் பீச் ‘ஓதோ’. செர்ரிக்கான எழுத்தோடு சேர்ந்தாலும் ‘ஓதோ’தான், அது செர்ரிப் பழம். பேச்சில் செர்ரியை ‘சகுரம்போ’ என்பதால் குழப்பம் வருவதில்லை. கற்பனைச் சொர்க்கத்துக்கு ‘தோகென்க்யோ’ என்பார்கள். கவிஞர் தாவ் யுவான்மிங் (365–427) எழுதிய கதையில் ஒரு மீனவர் பூத்துக் குலுங்கும் பீச் தோப்பைத் தாண்டிப் போய், உலகம் மறந்த ஒரு கிராமத்தைக் காண்கிறார். அந்தக் கதை தந்த சொல் இது. கவிஞரின் குடும்பப் பெயரும் ‘தாவ்’ என்றே ஒலிக்கும், ஆனால் அது மட்பாண்ட எழுத்து.

மொமொ வரும் கூட்டுச்சொற்களும் உண்டு: மொமொஇரோ என்றால் இளஞ்சிவப்பு. பழத்திலிருந்து பிறந்த சிறுவன் மொமொதாரோவை ஜப்பானில் அறியாதவர் இல்லை. மார்ச் 3-ஆம் நாள் பெண்குழந்தைகளின் திருநாளுக்கு ‘மொமொ நோ செக்கு’ என்றும் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை அசுச்சி-மொமொயாமா காலம் என்பார்கள். அன்றைய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் ஃபுஷிமி கோட்டை இடிக்கப்பட்ட பிறகே அந்தக் குன்றில் பீச் மரங்கள் நட்டு மொமொயாமா என்ற பெயர் வந்தது. காலத்துக்கு அந்தப் பெயர் பின்னால் சூட்டப்பட்டது.

பீச்சோடு ‘தோட்டம்’ என்ற எழுத்தைச் சேருங்கள். தைவானுக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்கும் தாவ்யுவான் நகரின் பெயர் இது. அந்த நகரை ஜப்பானியர் ‘தோஎன்’ என்பார்கள். அதே இரண்டு எழுத்துகளை 1747 முதல் 1762 வரை ஆண்ட பேரரசரின் பெயராகப் பார்த்தால் ‘மொமொசொனோ’. பெயர்களில் விதி செல்லாது, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் மரியாதை. ஜப்பானியர்களே அறிமுகமாகும்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

எந்த விதிக்கும் அடங்காதது அக்ரூட். ‘ஹூ பீச்’ என்று இரண்டெழுத்தில் எழுதி, ‘குருமி’ என்று படிப்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஒலிப்பைத் தேடினால் கிடைக்காது, இரண்டும் சேர்ந்து ஒரே சொல். இத்தகையவற்றை முழுச்சொல்லாக மனத்தில் பதிய வைப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு செய்தி: ஜப்பானின் பொதுப்பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள 2,136 எழுத்துகளில் பீச் உண்டு, ஆனால் தொடக்கப்பள்ளிக்குரிய 1,026-இல் இல்லை. கடைப் பலகைகளில் பலவேளை அசையெழுத்தில்தான் இருக்கும். பலகையில் எழுத்தைக் காணவில்லையே என்று தேட வேண்டாம்.

பீச் அல்லாத பீச்சுகள்

பழகிய பழத்தின் பெயரைப் புதிய பழத்துக்குக் கொடுப்பது எல்லா மொழியிலும் உண்டு. சீனத்தில் இந்த எழுத்து அப்படி நிறைய உழைத்திருக்கிறது. இங்கே அகராதியை மூடிவிட்டுச் சந்தைக்குப் போவது நல்லது.

அக்ரூட்டுக்கு ஜப்பானியர் எழுதும் ‘ஹூ பீச்’ பழைய சீனப் பெயர். ‘ஹூ’ என்றால் வடமேற்கிலும் மேற்கிலும் இருந்த அயலார். அவர்கள் வழியாக வந்த பொருள்களுக்கெல்லாம் இந்த முன்னொட்டு விழுந்தது. நம் மிளகுக்கும் அதே கதி: சீனத்தில் ‘ஹூஜியாவ்’, ஜப்பானில் ‘கொஷோ’. மலபார்க் கரையின் மிளகு சீனர்களுக்கு ‘ஹூ’ நாட்டுச் சரக்கு. எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், பஞ்சாபின் சீனபுக்தி பற்றி எழுதும்போது, கனிஷ்கர் காலத்தில் அங்கே தங்கவைக்கப்பட்ட சீனப் பிணையாளிகள்தாம் பீச்சையும் பேரியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும், அதனால் பீச்சுக்குச் ‘சீனானி’ என்று பெயர் என்றும் குறித்திருக்கிறார். ஐரோப்பியர் இதே பழத்தைப் பாரசீகப் பழம் என்று நினைத்தார்கள். தாவரவியல் பெயரில் இன்றும் ‘பெர்சிகா’ இருக்கிறது. ஆனால் ஜெஜியாங் மாநிலத்தின் குவாஹுசியாவ் அகழாய்வில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான பீச் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. பழத்தின் தாயகம் சீனா என்பதில் ஐயமில்லை.

கிவிப் பழத்தின் சீனப் பெயர் ‘மிஹோவ்தாவ்’, குரங்கு பீச். 1904-இல் இசபெல் ஃப்ரேசர் என்ற ஆசிரியை சீனாவின் யிசாங்கிலிருந்து விதைகளை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார். ‘கிவி’ என்ற வணிகப்பெயர் 1959-இல்தான் வந்தது. நட்சத்திரப் பழம் ‘யாங்தாவ்’. செர்ரி ‘யிங்தாவ்’. அக்ரூட்டின் இன்றைய சீனப் பெயர் ‘ஹதாவ்’. இதில் தாவ் தன் தொனியை இழந்து மெலிந்து ஒலிக்கும். தட்டைப் பீச் என்று எழுதினால் வாதுமை. தொண்டையின் டான்சிலும் வாதுமை வடிவம் என்பதால் ஜப்பானிய மருத்துவமனையில் ‘ஹெந்தோசென்’ என்று கேட்டால் பயப்படாதீர்கள், பழத்தின் எழுத்துத்தான் அங்கேயும். அரளிக்கு ‘மூங்கிலும் பீச்சும் கலந்தது’ என்று மூன்றெழுத்துப் பெயர்: இலை மூங்கில்போல, பூ பீச்சைப்போல. ஜப்பானில் ‘க்யோச்சிகுதோ’. ஹிரோஷிமாவின் நகரமலர் அதுதான், குண்டு விழுந்த மண்ணில் முதலில் பூத்த மலர் என்று அந்நகர் அதைப் போற்றுகிறது.

திராட்சையின் ‘பூதாவ்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் இல்லை. ஒலி அதே, எழுத்து வேறு. தலையில் புல் உறுப்பு இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியா வாசகர்கள் இந்த எழுத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. சீன முதியவர்களின் பிறந்தநாளில் இளஞ்சிவப்பு நுனியோடு வைக்கும் ஆவியில் வெந்த பன், ‘ஷோவ்தாவ்’, ஆயுள் பீச். பேக்கரிக் கண்ணாடியில் பெயர் எழுதியிருக்கும். நின்று படித்துப் பாருங்கள்.

கான்டனீஸ், கொரியன், வியட்நாமியம்

இவற்றை விரைவாகப் பார்த்தால் போதும். கான்டனீஸில் ‘தோவ்’, மூச்சுள்ள த, தாழ்ந்த தொனி. வியட்நாமில் ‘தாவ்’, ஆனால் பந்து என்பதன் த-வைப்போல அதிர்ந்து, குரல் தாழ்ந்து வரும். மாண்டரின் விட்டுவிட்ட அதிரும் மெய்யின் தடம்தான் இந்தத் தாழ்தொனிகள். ஹனோயில் டெட் புத்தாண்டு பீச் பூக்கிளை இல்லாமல் வராது. முந்திரிக்கு அங்கே ஒரு பெயர் ‘கொட்டை வெளியே புரண்ட பீச்’. முந்திரிப் பழத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொரியனில் எழுத்தின் ஒலிப்பு ‘தோ’. பழத்துக்கு அவர்களுடைய சொந்தச் சொல் ‘பொக்சுங்கா’. ‘தோ’ கூட்டுச்சொற்களில் மட்டும் வரும். டப்பா மஞ்சள் பீச் ‘ஹ்வாங்தோ’, வெண்பீச் ‘பெக்தோ’. அந்த மீனவர் கண்ட ஊர் ‘மூருங்தோவொன்’.

அடுத்த எழுத்துக்கு இதையே செய்யுங்கள்

முறை கையில் வந்ததா என்று பார்க்க, ஜப்பானியர் உமே என்னும் புளிப்புப் பழ மரத்தின் எழுத்தை எடுங்கள். இடப்பக்கம் மரம். வலப்பக்கம் ‘ஒவ்வொரு’ என்ற பொருளுடைய எழுத்து, மாண்டரினில் ‘மேய்’, மூன்றாம் தொனி. ஆகவே முழு எழுத்தின் இறுதியொலியை ஊகியுங்கள், தொனியை அகராதியில் பாருங்கள்: ‘மேய்’, இரண்டாம் தொனி. ஜப்பானிய ஒன் ‘பய்’. குன் ‘உமே’; இந்தக் குன்னும்கூட மிகப் பழங்காலத்தில் சீனத்திலிருந்து வாங்கியதாகவே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

பிறகு சீமைப் பனிச்சைக்கு, ஜப்பானியர் ‘கக்கி’ என்னும் பழத்துக்கு, வாருங்கள். இங்கே கூடுதல் கவனம் வேண்டும். மரத்துக்கு வலப்பக்கம் ‘சந்தை’ என்ற எழுத்து இருக்கிறது. சந்தையும் பழமும் மாண்டரினில் ஒரே ‘ஷ்’, ஜப்பானிய ஒன்னில் ஒரே ‘ஷி’. கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் ஷூ ஷென்னின் அகராதியைத் திறந்தால் அங்கே வலப்பக்கம் சந்தை இல்லை, வேறொரு பழைய ஒலிப்பகுதி இருக்கிறது. சந்தை பின்னாளில் அதன் இடத்துக்கு வந்தது. இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துப் பிறப்பைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எழுத்தை இரண்டாம் பயிற்சியாகத் தருகிறேன்.

இன்னொன்று, இதே பழத்தின் எழுத்தைப்போலவே தோன்றும் வேறோர் எழுத்து உண்டு. பழத்துக்கு ஒன்பது கோடுகள்: வலப்பக்கத்தில் உச்சிப் புள்ளி தனி, கீழே இறங்கும் கோடு தனி. மற்றதற்கு எட்டு: உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக இறங்கும். அது ‘கொகெரா’, மரச்சீவல். புதிதாகக் கட்டிய அரங்கில் நடக்கும் முதல் நிகழ்ச்சியை ஜப்பானியர் ‘கொகெரா ஒதொஷி’, சீவலைத் தட்டிவிடுதல், என்பார்கள். கட்டுமானம் முடிந்து கூரையில் கிடக்கும் சீவல்களைத் தட்டிவிடுவதிலிருந்து வந்த பெயர். பல அச்சுருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி, நடுக்கோடு ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள்.